இரண்டாவது புள்ளி

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டாவது மாடியில் மட்டும் தரையைவிட ஒரு விரற்கடை மேலே நிற்கும். தெரியாதவர்கள் தடுக்கிவிடுவார்கள். புதிதாக யார் வந்தாலும் நான் எழுந்துபோய், "பார்த்து, கீழே பார்த்துக் காலை வைங்க" என்று சொல்லிவிடுவேன். என் மேஜை லிஃப்டுக்கு எதிரில்தான். அந்தத் தளத்தில் யாரிடம் என்னைப் பற்றிக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

எழுதித் தரச் சொன்னீர்கள். நினைவில் இருப்பதை எழுதுகிறேன். யார் மேலும் அபாண்டம் சுமத்த எனக்கு விருப்பமில்லை. அது எப்படி இருக்கும் என்று பார்த்த குடும்பம் எங்களுடையது.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேஜையில் பாதி அகலம், இரண்டு விரல் உயரம், முழுக்கச் செம்பு. மேலே ஒரு மூடி, அதைச் சுற்றி நெருக்கமாக போல்ட்டுகள். உள்ளே நுண்ணலையை அனுப்பி, எந்தெந்த அதிர்வெண்ணில் பெட்டி பதில் பேசுகிறது என்று பார்ப்பார்கள். பதில் பேசும் இடங்கள் திரையில் ஊசி முனைகள்போல எழும்பி நிற்கும். உச்சங்கள் என்போம்.

கனமான அணுக்கருவின் உள்ளே நடப்பதை ஒரு காலத்தில் யாராலும் கணக்குப் போட்டுத் தீர்க்க முடியவில்லை. அப்போது ஒரு துணிச்சலான யோசனை பிறந்தது. உள்ளே இருப்பது எதுவுமே தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஓர் அணியை, அதாவது கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு சதுரத்தை எடுத்து, அதன் கட்டங்களில் குலுக்கிப் போட்ட எண்களை நிரப்பினால் என்ன? அப்படி நிரப்பிய அணியிலிருந்து ஐகன் மதிப்புகள் என்று ஒரு வரிசை எண்கள் கிடைக்கும். அந்த எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளும் அணுக்கருவின் ஆற்றல் மட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளும் ஒரே சாயலில் இருந்தன. பிறகு கோணல்மாணலான செப்புப் பெட்டிகளிலும் அதே சாயலைப் பார்த்தார்கள். அணுக்கருவானாலும் பெட்டியானாலும் வெறும் எண்களானாலும் ஒரே நடத்தை. அந்த நடத்தையில் முக்கியமானது ஒன்றுதான்: மட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்காது. பெட்டியில் அந்த மட்டங்கள்தான் உச்சங்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் என் தம்பி. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவள்தான், ஆனால் என் படிப்பு பாடப்புத்தகத்தோடு நின்றது. அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் அவனைச் சின்னவனே என்றுதான் கூப்பிடுவேன். ஆறடி உயரம் வளர்ந்த பிறகும் அப்படித்தான்.

"மட்டம் தள்ளும்னா எப்படிடா தள்ளும், கை இருக்கா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"உன்கூட சோபால யாராச்சும் ஒட்டி உட்கார முடியுமாக்கா? அந்த மாதிரி."

"கொழுப்புடா உனக்கு."

அவன் அப்படித்தான் பேசுவான். அந்த ஆய்வகத்தில் சேர்ந்து முதல் வருஷம் வரைக்கும் பேசினான்.

ஆய்வகத்தின் தலைவரை எல்லோரும் பெரியவர் என்று சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். குரலை உயர்த்தமாட்டார். யாரைக் கண்டாலும் தோளில் தட்டுவார். பெட்டியின் வடிவம் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும், கண்ணாடியில் பார்த்த மாதிரி. அந்த ஒற்றுமையைக் குலைப்பதற்காக உள்ளே ஓரமாக ஒரு சின்னச் செப்பு வட்டு வைத்திருந்தார்கள். வட்டு ஓரத்தில் இருந்தால் பெட்டி முழுவதும் ஒரே குடும்பம், எல்லா உச்சமும் எல்லா உச்சத்தையும் தள்ளும். வட்டை நடுக்கோட்டில் வைத்தால் இடமும் வலமும் மறுபடி ஒன்றாகிவிடும். உச்சங்கள் இரண்டு குடும்பமாகப் பிரியும். ஒரு குடும்பத்துக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. அப்போது இரண்டு உச்சங்கள் தாராளமாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சின்னவன் அளந்ததில் உச்சங்கள் ஒட்டிக்கொண்டு நின்றன.

திரும்பத் திரும்ப அளந்தான். பிறகு வாரக் கூட்டத்தில், "சார், ரெண்டு குடும்பம் கலந்த மாதிரி இருக்கு. பெட்டிய ஒரு தடவை திறந்து பார்த்துடலாமா?" என்று கேட்டான். திறந்தால் உச்சங்கள் எல்லாம் கொஞ்சம் நகர்ந்துவிடும், அதுவரை அளந்தது வீண். பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "பெட்டி பொய் சொல்லாதுடா. கைதான் சொல்லும்."

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் அடுத்த கூட்டத்திலும் சொன்னார். அதற்கடுத்த கூட்டத்தில் கிண்டல் இல்லை. அளக்காமலே இடையிடையே உச்சங்களை இட்டு நிரப்பியிருக்கிறான் என்று பதிவாளருக்கு எழுதினார். ஆய்வு மாணவன் என்ற பெயர் அவனைவிட்டுப் போனது. வேறு எந்த ஆய்வகமும் அவனைச் சேர்க்கவில்லை.

கடைசி நாட்களில் சின்னவன் மிகவும் மரியாதையாகப் பேச ஆரம்பித்தான். தட்டு வைத்தால் "நன்றிக்கா" என்பான். என் தம்பி எனக்கு நன்றி சொல்லி நான் அதுவரை கேட்டதே இல்லை. நான் அதை முன்னேற்றம் என்று நினைத்தேன். பக்குவம் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில்கூடச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அதை நான் எழுதவில்லை.

நிறுவனம் எனக்கு வேலை கொடுத்தது. கருணை அடிப்படையில் என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். அதே ஆய்வகத்தில் கணினிப் பிரிவு. கருவிகளிலிருந்து வரும் மூல அளவுகளைச் சேமிப்பது, இரைச்சலை நீக்கி உச்சங்களைப் பட்டியலாக்கி மாணவர்களுக்குக் கொடுப்பது. கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்தேன். பெரியவர் முதல் நாளே என் மேஜைக்கு வந்து தோளில் தட்டினார். "உன் தம்பி நல்ல பையன்மா. பாவம், மனசுதான் பலமில்லை" என்றார். அன்று முதல் ஒவ்வொரு வருஷமும் அவன் போன மாதத்தில் அதே சொற்களைச் சொல்வார். அதைத் தன் கடமையாக வைத்திருந்தார்.

கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. கத்துகிற கோபமில்லை. காலையில் எழுந்ததும் சிலர் மூக்குக்கண்ணாடியைத் தடவித் தேடுவார்களே, அதுபோல நான் முதலில் அதைத்தான் தேடுவேன். அது வைத்த இடத்திலேயே இருக்கும்.

பெட்டிக்குப் புது மூடி போட முடிவு செய்தபோது அதைத் திறந்தார்கள். எங்கள் பட்டறைக்காரரைப் போல்ட் அண்ணன் என்போம். அந்த மூடியை அவர் ஒருவர்தான் கழற்றுவார், மாட்டுவார். நான் பக்கத்தில் நின்றேன். மூடி எழும்பியதும் அவர் குனிந்து பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"நான் வெச்ச இடம் இது இல்லையே."

வட்டு நடுக்கோட்டில் இருந்தது. இட்ட பொட்டு மாதிரி, அச்சு அசலாக நடுவில்.

"யாரண்ணே மாத்துனது?"

"நம்ம பெரியவருதான். எப்பவோ வெளியிலேர்ந்து ஆளுங்க வந்தப்ப என்னைத் திறக்கச் சொல்லிக் காட்டினாரு. வட்டை எடுத்து அவங்க கையில குடுத்து, ஒரே விளையாட்டு. அப்புறம் அவரே வெச்சாரு. 'மூடிடுப்பா'ன்னாரு, மூடிட்டேன். நான் எதைக் கண்டேன்?"

எப்போது என்று கேட்டேன். பட்டறைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். சின்னவன் அளக்கத் தொடங்குவதற்கு முந்தைய வாரம்.

நான் நேராகப் பெரியவர் அறைக்குப் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். முழுக்கக் கேட்டார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு, "அட, ஆமா" என்றார். "ஓரத்துல கோணலா இருந்துச்சு. நடுவுல வெச்சா பார்க்க நல்லா இருக்கும்னு வெச்சிருப்பேன். போட்டோகூட எடுத்தாங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அதுசரி, அளக்கறதுக்கு முன்னாடி அவன்தானேம்மா செக் பண்ணியிருக்கணும்?" என்றார். டீயில் ஆடை படிந்திருந்தது. அதை விரலால் எடுத்து ஓரமாகத் தடவினார்.

அவர் அழுதிருந்தால், அவ்வளவு வேண்டாம், டம்ளரைக் கீழே வைத்திருந்தால் போதும். நான் இதை எழுத நேர்ந்திருக்காது. இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

முறைப்படி மனு கொடுத்தேன். மூன்று பேர் குழு போட்டார்கள். அதன் தலைவர் ஒரு நல்ல மனிதர், எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "அம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா ஒரு சம்பவம்தான் இருக்கு. ஒரு புள்ளிய வெச்சுக்கிட்டு அவர் நடத்தையே இப்படித்தான்னு சொல்ல முடியாதில்லையா?" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி. ஒரே ஒரு மட்டம் இருந்தால் இடைவெளி என்று ஒன்றை அளக்கவே முடியாது. குறைந்தது இரண்டு வேண்டும். முதல் பாடமே அதுதான்.

பிறகு அந்தப் பெண் ஆய்வு மாணவியாக வந்தாள். வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லாத நாளிலும் கையில் குடையோடு வருவாள். அதனால் குடை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். அப்பா தையல்காரர். அவர் தைத்த சட்டையைத்தான் போடுவாள், எல்லாவற்றிலும் பை இருக்கும். "பொண்ணுங்க டிரஸ்ல பை வைக்காத டெய்லர் எல்லாம் ஒரு டெய்லரான்னு கேப்பாருக்கா எங்கப்பா" என்று சொல்லி ஒவ்வொரு பையிலிருந்தும் ஒவ்வொரு சாமானாக எடுத்து என் மேஜையில் வைப்பாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

புது மூடி, வட்டு ஓரத்தில், எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவள் அளந்தாள். மூல அளவுகள் என்னிடம் வந்தன. நான் அவளுக்குக் கொடுத்த பட்டியலில் அவள் அளந்த உச்சம் ஒன்றுகூட இல்லை.

செய்முறை எளிது. கணினியில் ஓர் அணியை எடுத்துக் குலுக்கல் எண்களால் நிரப்பினேன். அதன் ஐகன் மதிப்புகளை, இந்தப் பரப்பளவுள்ள பெட்டியில் உச்சங்கள் எந்த வேகத்தில் பெருகுமோ அந்தக் கணக்குக்கு ஏற்ப நீட்டினேன். அதற்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. மற்றபடி அந்தக் கோட்பாட்டின் அழகே இதுதானே. பெட்டிக்கும் வெறும் எண்களுக்கும் வித்தியாசம் தெரியாது. உலகத்தில் எந்த நிபுணர் பார்த்தாலும் அது ஒரு நேர்மையான பெட்டி.

கணினி குலுக்கிப் போடும் எண்களுக்கு ஒரு விதை உண்டு. அதே விதையைக் கொடுத்தால் அதே எண்கள் அதே வரிசையில் வரும். விதையாக ஒன்று என்று கொடுத்தேன். சின்னவனின் பிறந்த நாளைக் கொடுத்திருக்கலாம். அவனை இதில் இழுக்க எனக்கு மனமில்லை.

பெரியவர் பூரித்துப்போனார். இவ்வளவு சுத்தமான வரைபடத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார். கட்டுரை வெளியானது. பெயர்களில் அவர் பெயர் முதலில், குடையின் பெயர் அடுத்து. குடை என்னைக் கட்டிப்பிடித்து, "உங்க பேரும் போட்டிருக்கணும்கா. நான் சார்கிட்ட கேட்டேன், சிரிச்சுட்டாரு" என்றாள்.

அவர் நாலு இடத்தில் மாலை மரியாதையோடு பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கட்டுரையை வெளியிட்ட இதழுக்குப் பெயரில்லாமல் எழுதினேன். இன்ன நிரல், இன்ன அளவு அணி, விதை ஒன்று. ஓட்டிப் பாருங்கள், அவ்வளவுதான். ஓட்டிப் பார்த்தார்கள். கடைசித் தசமம்வரை பொருந்தியது.

அவசரக் கூட்டம் நடந்தது. நான் நடைபாதையில் பிரிண்டருக்குக் காகிதம் போட்டுக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தும் அவர் குரல் கேட்டது. "நான் டேட்டாவைத் தொட்டதே கிடையாது. எல்லாம் இவதான் பார்த்தா. பெட்டி பொய் சொல்லாது. கைதான் சொல்லும்."

அப்படியே சொன்னார். ஒரு சொல் மாறவில்லை. எனக்கு ஏற்பட்டதை மகிழ்ச்சி என்று சொல்லமாட்டேன். ஒரு சோதனையில் எதிர்பார்த்த அளவு வரும்போது மூச்சு சீராகும், அந்த மாதிரி.

குடை என்னிடம் வந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை இல்லாமல் வந்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டி என் மேஜைக்குக் கீழே தேங்கியது.

"அக்கா, நான் எதையும் மாத்தலைக்கா. ஒரிஜினல் உங்ககிட்டதானே இருக்கும்? அதை எடுத்துக் காட்டினா போதும்க்கா."

மூல அளவுகள் என்னிடம் இருந்தன. சர்வரில் அழித்துவிட்டேன், ஆனால் பென் டிரைவில் ஒரு பிரதி என் வீட்டு அலமாரியில் இருந்தது. நான் அவளுக்குத் துண்டு கொடுத்தேன். சூடாக டீ வாங்கி வந்தேன். "தேடிப் பார்க்கிறேன்மா" என்றேன்.

"கிடைக்குமாக்கா?"

"சர்வர்ல பழசெல்லாம் அழிச்சிருப்பாங்க. பார்ப்போம்."

அவள் துண்டை மடித்து, நான்கு மூலையும் சேர்த்து, நாற்காலியின் முதுகில் போட்டாள். "நன்றிக்கா. உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றாள்.

நான் சின்னவனிடம் ஒரு முறை ஏமாந்தவள். இரண்டாம் முறை அந்த மரியாதையை நான் பக்குவம் என்று நினைக்கவில்லை. அது என்னவென்று எனக்குத் தெரியும். அவள் லிஃப்டில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுத்தேன்.

பெரியவர் எழுத்தில் புகார் கொடுத்துக் கையெழுத்துப் போட்டதும் மூல அளவுகளை வெளியே கொண்டுவருவதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். நான் கொண்டுவரவில்லை. அவள் அந்த வார இறுதியில் போய்விட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், விட்டுப்போகக் கூடாது. சேருவதற்கு முன்பே அவள் என்னிடம் வந்து கேட்டாள். அவளுக்கு இரண்டு ஆய்வகங்களில் இடம் கிடைத்திருந்தது. "அக்கா, நீங்க இங்கேயே இருக்கீங்க. உள்ளது உள்ளபடி சொல்லுங்க. இவர்கிட்ட சேரலாமா?" நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எதிர்த்துப் பேசத் தெரியாத முகம். தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைக்கிற முகம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு முகம் இருந்தது. "தாராளமா சேரும்மா" என்றேன்.

புதிய குழு வந்தது. ஒரே ஆய்வகம், ஒரே மனிதர், ஒரே குற்றச்சாட்டு, இரண்டு பிள்ளைகள். இந்த முறை யாரும் புள்ளிக் கணக்குப் பேசவில்லை. பெரியவரை வெளியேற்றினார்கள். மாணவியை மிரட்டிப் பொய் அளவுகளை உருவாக்க வைத்தார் என்று அறிக்கை சொன்னது. வட்டு நடுவில் இருந்ததை ஏற்றுக்கொண்டு, சின்னவன் பெயரிலிருந்த கறையையும் அதே அறிக்கையில் நீக்கினார்கள். அந்தப் பக்கத்தை நான் பல முறை படித்தேன். பெரியவர் இப்போது வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்கிறார்கள். தான் எதையும் திருத்தவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். அது உண்மைதான். யாரும் நம்புவதில்லை. என் தம்பி சொன்னதும் உண்மையாகத்தான் இருந்தது.

குடையின் அப்பா அவள் சாமான்களை எடுத்துப்போக வந்தார். கழுத்தில் தையல் நாடா தொங்கிக்கொண்டிருந்தது, கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார். போல்ட் அண்ணன் அவரை என் மேஜைக்கு அழைத்து வந்தார். அவர் உட்காரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தம்பியும் இப்படித்தான் போனாராமே. அப்ப உங்களுக்குத்தாம்மா என் வலி தெரியும்."

"தெரியும்ங்க" என்றேன். அது பொய்யில்லை.

"மிரட்டிச் செய்ய வெச்சாருன்னு அறிக்கையில எழுதியிருக்காங்க. அப்படின்னா எம்பொண்ணு செஞ்சான்னுதானே அர்த்தம்? அவ ஒரு நூலைக்கூடக் கேக்காம எடுக்கமாட்டாம்மா. அவ செஞ்சாளா? அதை மட்டும் எனக்குச் சொல்லிடுங்க."

குழுவின் கண்ணில் அவள் இன்னும் பொய் எழுதியவள்தான். அதை நான் யோசித்திருக்கவில்லை. அவருக்கு அந்த ஒரு பதிலைக் கொடுக்காமல் அனுப்ப முடியவில்லை. மறுநாள் வீட்டு அலமாரியிலிருந்த பிரதியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். இதுதான் உங்கள் பெண் அளந்தது, அவ்வளவும் நேர்மையான அளவு, தொழில் தெரிந்த யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்றேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுபடி என் கையைப் பிடித்தார். அழுதார். பிறகு அழுகையினூடே ஏதோ தட்டியதுபோல நிமிர்ந்தார்.

"இது உங்ககிட்டயேதான் இருந்துச்சா?"

"ஆமாங்க."

"அவ உசிரோட இருந்தப்பவே?"

"ஆமாங்க."

"ஏம்மா அன்னிக்கே குடுக்கலை?"

அவர் கேட்டதற்கு நான் மழுப்பவில்லை. நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன், உங்களுக்கு இப்போது எழுதியிருப்பதுபோலவே. முடிவில், "அன்னிக்குக் குடுத்திருந்தா அவ இருந்திருப்பா. ஆனா அந்த ஆள் தப்பிச்சிருப்பாரு" என்றேன்.

அதைக் கேட்டதும் அவர் கையை விலக்கிக்கொண்டார். சட்டென்று எடுக்கவில்லை, ஊசி குத்திக் காய்த்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து எடுத்தார். பிரதியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தார்.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவரும் நானும் ஒரே மனிதரிடம் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். என்னைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அவர் ஏன் கையை எடுத்துக்கொண்டார் என்பது மட்டும்தான் எனக்கு இன்னும் புரியவில்லை.